இடது பக்கத்துப் பெண்

மூன்று கிழமைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் தெருமுனைக் கடையில் காலை ஏழு மணிக்கே பேப்பர் முடிந்துவிட்டது.

நான் பத்தி எழுதுகிற இந்தப் பேப்பர் இல்லை – ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும் – மற்றப் பேப்பர். அரசாங்கம் ஒன்றும் கவிழவில்லை. கடைக்காரர் கட்டை அவிழ்த்த கையோடு, இருந்த பிரதிகள் அத்தனையையும் என் அக்கா அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய மகள் வசந்தியின் படம் அன்றைக்குப் பேப்பரில் வருகிறது என்று ஒரு கிழமையாகவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

வீடு வீடாகக் கொடுத்தாள். எல்லோரும் வாசலில் நின்றே விரித்துப் பார்த்தார்கள். "அட, ஒண்டில்ல, ரெண்டு படமெல்லோ போட்டிருக்கிறாங்கள்!" என்று எதிர் வீட்டு மனோன்மணி கை தட்டினாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருவருக்கு இரண்டு படம் போடுவது பெரிய மனிதர்களுக்கு மட்டும்தானே?

கொஞ்ச நேரம் கழித்து அதே மனோன்மணிதான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படங்களுக்குக் கீழே இருந்ததை வாய்விட்டு வாசித்தாள். இடது பக்கத்துப் படத்துக்குக் கீழே, "பாவிக்க முன்." வலது பக்கத்துப் படத்துக்குக் கீழே, "பாவித்த பின்."

முகத்தை வெளுக்க வைக்கும் கிறீம் ஒன்றின் விளம்பரம் அது.

அதற்குப் பிறகு யாரும் கை தட்டவில்லை. பேப்பரை மடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அக்கா மட்டும், "வலப்பக்கத்தில உள்ளது வடிவாத்தானே வந்திருக்கு," என்று இரண்டு தடவை சொன்னாள். வசந்தி ஒரு பேப்பரை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். உப்புவெளியில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பின்னேரம் வந்தவளிடம், யாராவது ஏதாவது கேட்டார்களா என்று மெல்ல விசாரித்தேன்.

"கேட்டவை, சின்னம்மா. பிள்ளையளின்ர தாய்மார் ஏழெட்டுப் பேர் கேட்டவை... எந்தக் கடையில விக்குது எண்டு."

வாசகர்களே, இந்தப் பத்தியில் எத்தனையோ பேரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். பஸ் கொண்டக்டரை, கந்தோர்ப் பெரியவர்களை, மீன் நிறுப்பவரை... இந்தக் கிழமை எனக்கு அந்த வசதி இல்லை. அந்த விளம்பரத்தைத் தமிழில் எழுதியவள் நான்.

சொல்கிறேன்.

இறக்குமதியைத் திறந்துவிட்ட நாள் தொடக்கம் எங்கள் ஊர்க் கடைகளைப் பார்க்கிறீர்கள்தானே? கொஞ்சக் காலத்துக்கு முன், ஒரு பவுடர் டின் வாங்கவும் கடைக்காரரைத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது கேட்டதும் இருக்கிறது, கேட்காததும் இருக்கிறது. காசிம் நானா கிண்ணியாவில் இருந்து வந்து, டவுனில் கடை போட்டு, இருபது வருடமாக வளையலும் றிபனும் விற்ற மனிதர். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிறீமின் ஏஜென்சி அவருக்குக் கிடைத்தது. கண்ணாடி அலுமாரியில் இருந்த வளையல் எல்லாம் கீழே இறங்க, கிறீம் மேலே ஏறியது.

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில் டைப்பிஸ்ட் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் யாருக்கு இங்கிலீஷில் ஏதாவது வந்தாலும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது என் மேசைக்கு வரும். நானாவும் வந்தார். கையில் பளபளவென்று ஒரு தாள்.

"தங்கச்சி, இத நம்மட பாஷையில நல்லா இனிப்பா எழுதித் தாங்க. பேப்பர்ல போடணுமாம், கொம்பனி சொல்லியிருக்கு."

தாளில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள். இரண்டு முறை இருந்தாள்.

துறைமுகத்தில் வேலை செய்கிறவளுக்கு ஆபிரிக்க முகம் புதிதில்லை. கப்பல்களில் எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். ஆனால் ஓர் அழகு விளம்பரத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சோப்பு, எண்ணெய், ஷாம்பு... கந்தோருக்கு வருகிற வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஆயிரம் பெண்கள் சிரிக்கிறார்கள், இவளைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை. ஆகவே முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. நானும் கறுப்புத்தானே? பிறகுதான் விளங்கியது. இவளை அழகென்று காட்டக் கூப்பிடவில்லை. மாற்றிக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இடது பக்கத்தில் நல்ல கறுப்பு. நீளக் கழுத்து, பெரிய கண். சிரிப்பு இல்லை. தோடு இல்லை. வலது பக்கத்தில் அதே பெண், பால் கூடின தேத்தண்ணி நிறத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, காதில் பெரிய வளையத்தோடு. கிறீம் பூசினால் நிறம் வரும் என்கிறார்கள், சரி. தோடுமா வரும்?

இதை நானாவிடம் பகிடியாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இந்தப் படம் சரிவராது தங்கச்சி," என்றார். "நம்மட சனம் இந்தப் பொம்புளையப் பாத்தா, இது நமக்கில்ல எண்டு போயிரும். ஊர்ப் புள்ள ஒண்டுட முகம் வேணும். கொம்பனியும் அதத்தான் சொல்லுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் நானா, அதுதான் சரி," என்றேன்.

கலண்டரிலும் சோப்புப் பெட்டியிலும் வேறு ஊர் முகங்களையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தேன். எங்கள் ஊர் முகம் ஒன்றும் பேப்பரில் வரட்டுமே என்று ஒரு நப்பாசை. யாரைப் போடலாம் என்று நானா கேட்டார். வசந்தியின் பெயரைச் சொன்னேன். நல்ல முகவெட்டு அவளுக்கு.

அப்போது இடது பக்கத்தில் யார் இருப்பாள் என்று யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாள் என் கையில்தான் இருந்தது. ஆனால் நான் வலது பக்கத்தைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

பிறகு உட்கார்ந்து இனிப்பாக எழுதினேன். "நேற்று வரை மறைந்திருந்த முகம்... இன்று மலர்கிறது!" ஆச்சரியக்குறிகூட என்னுடையதுதான். நானா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "உங்கட தமிழுக்கே சாமான் வித்துரும் தங்கச்சி," என்றார். இத்தனை வருடம் பத்தி எழுதி இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அன்றைக்குக் கந்தோரில் இருந்து வீட்டுக்கு நடக்கும்போது கால் நிலத்தில் படவில்லை.

ஒரு போத்தல் கிறீமும் தந்தார். பொய் சொல்ல மாட்டேன், பூசினேன். ஐம்பதை எட்டிப் பார்க்கிறவளுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்காதீர்கள். ஆசைக்கு வயது தெரியுமா? மூன்றாம் நாள் கன்னம் எரிந்தது. வயது போன தோல், ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, போத்தலை மூடி வைத்துவிட்டேன். நானாவிடம் சொல்லவில்லை. வசந்தியிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

அடுத்தது செபமாலை அண்ணரின் ஸ்டூடியோ.

கலியாணம் பேச எடுக்கிற படம் எதுவும் செபமாலை அண்ணரின் பென்சில் படாமல் எங்கள் ஊரை விட்டுப் போவதில்லை. நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தை, கூரான பென்சிலால் மெல்ல மெல்லத் தீட்டுவார். படம் கழுவி வரும்போது முகம் இரண்டு மூன்று படி வெளுத்திருக்கும். இது பெண் வீட்டுக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். படத்தைக் கையில் வாங்குகிற தாய், "எந்த ஸ்டூடியோ?" என்று கேட்டு, அதற்கு ஏற்ற மாதிரி மனதுக்குள் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்துக்கொள்வாள். அப்படியென்றால் பென்சில் இல்லாமலே அனுப்பலாமே? அனுப்பினால், அதற்கும் மேலே சேர்த்துவிடுவாள்.

தரகர்களின் பாஷையும் இதே மாதிரிதான். கறுப்பு என்ற சொல்லே அவர்களிடம் இல்லை. "சிவலை" என்பார்கள், "பொதுநிறம்" என்பார்கள், "முகவெட்டு நல்லது" என்பார்கள். மூன்றாவதைச் சொன்னால் கறுப்பு என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

வசந்திக்கு இருபத்தாறு வயது. அவளைப் பார்க்க இதுவரை ஐந்து இடத்தில் இருந்து வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் நல்லது என்றார்கள், "போய்ச் சொல்லி அனுப்புறம்" என்று போனார்கள். காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் கேட்பது? ஆறாவதாகத் தம்பலகாமத்தில் ஒரு சம்பந்தம். மாப்பிள்ளைக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, வயலும் உண்டு. நாலு மாதத்துக்கு முன் செபமாலை அண்ணர் எடுத்த படம் தரகர் கையால் அங்கே போனது. வெள்ளாண்மை வெட்டு முடிய வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கா அதற்காக நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

இந்த நிலையில்தான் வசந்தி விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போனாள். ஏதோ கிறீம் விளம்பரம் என்றதற்கு மேல் நான் அவளுக்கு விளக்கியிருக்கவில்லை. "பிள்ளை, பவுடரைத் துடைச்சுப் போட்டு இருங்கோ. தோட்டையும் கழட்டுங்கோ. சிரிக்க வேண்டாம்," என்றாராம் செபமாலை அண்ணர். தலைக்கு மேலே ஒரு வெளிச்சம், ஒரே ஒரு படம், முடிந்தது. "மற்றப் படம் எடுக்கேல்லையோ?" என்று கேட்டிருக்கிறாள். "அது என்னட்டக் கிடக்குதானே," என்றாராம்.

அவரிடம் கிடந்தது கலியாணப் படம். பென்சில் தீட்டிய அதே நெகட்டிவ். வேலை மிச்சம் என்று அதையே வலது பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். பேப்பரில் இருந்த இரண்டு வசந்திக்கும் நடுவில் கிறீம் இல்லை, ஒரு பென்சில்தான் இருந்தது.

இதைக் கேட்ட நேரத்தில் அந்தத் தாளில் இருந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளிடமும் இப்படித்தான் யாரோ தோட்டைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். அவளுடைய ஊரிலும் பென்சிலோடு ஒரு செபமாலை இருப்பார். வேறு பாஷையில் என்னைப் போல ஒரு கெட்டிக்காரி இருந்து, இனிப்பாக எழுதியிருப்பாள். படம் வந்த அன்றைக்கு அவளுடைய தாயும் தெரு முழுக்கக் கொடுத்திருப்பாளோ, என்னவோ. அவளுடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த ஊருக்கு அவள் முகம் சரிவராது என்று எடுத்துவிட்டு, அவள் இருந்த இடத்தில் எங்கள் பிள்ளையை வைத்தோம். அதை முன்னேற்றம் என்று வேறு நினைத்தேன்.

தம்பலகாமத்துக்கும் பேப்பர் போகும். சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு கட்டினோம். அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. ஆனால் தரகர் வந்து, "ஞாயிற்றுக்கிழமை வருகினம். நல்ல சந்தோசமா வருகினம்," என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தரகர், மாப்பிள்ளையின் தாய், மாப்பிள்ளையின் தங்கை. ஒரு பெரிய சட்டி எருமைத் தயிரும் வந்தது. தாய் நல்ல மனுஷி, வாய் நிறையக் கதைக்கிறவள். இன்றைக்கும் அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிரையில் இருந்ததுமே கைப்பையைத் திறந்து இரண்டு பொருளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று, வசந்தியின் கலியாணப் படம். மற்றது, பேப்பரில் இருந்து வெட்டிய விளம்பரம்.

"படத்தைப் பாத்திட்டு நானும் பென்சில் வேலையாக்கும் எண்டுதான் நினைச்சனான்," என்றாள். "பிறகு பாத்தா பேப்பரிலயே வந்திட்டுது! அதே படம்! பேப்பரில பொய் போடுவாங்களே?"

இதுதான் அந்தச் சந்தோஷம். கறுப்பாக இருந்த பிள்ளை கிறீம் பூசி வெளுத்துவிட்டது என்று மனுஷி முழுசாக நம்பிவிட்டாள்.

வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். தாய் அவளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்பவும் அவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பத்தியம் விட்டுப்போன நோயாளியிடம் கேட்கிற மாதிரி அக்கறையாகக் கேட்டாள்:

"பிள்ளை இப்ப பூசுறேல்லையோ?"

குசினி வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். மூன்று நாள் பட்டினியும் ஐந்து சம்பந்தமும் அந்தப் பார்வையில் இருந்தன. நான் வாயைத் திறந்தேன்.

"ஓம்... பள்ளிக்கூட வேலையில கொஞ்ச நாள் விட்டிட்டா. இனித் தொடங்குவா."

எவ்வளவு சுலபமாக வந்தது! எழுதிப் பழகிவிட்டால் சொல்வதும் சுலபம் போலிருக்கிறது.

தாய்க்குப் பெரிய ஆறுதல். "அதுதானே பாத்தன். விடப்படாது பிள்ளை. என்ர மகளுக்கு அண்டையில இருந்து நான் மூண்டு நேரமும் பூசி விடுறன். எரியுதாம். எண்டாலும் அழமாட்டாள், பொறுத்துக்கொண்டிருப்பாள். எரிஞ்சாத்தானே பிடிக்கும்?"

அப்போதுதான் எல்லோரும் மூலைக் கதிரையில் இருந்த அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தோம். பதினெட்டு வயதிருக்கும். வந்த நேரம் தொடக்கம் தாவணித் தலைப்பால் ஒரு பக்கக் கன்னத்தை மூடிக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்திருந்தோம். தலைப்பு கொஞ்சம் விலகியபோது பார்த்தேன். கொதிநீர் பட்டதைப் போலச் சிவந்து, தோல் உரிந்து, கண்ணுக்குக் கீழே வீங்கிப்போயிருந்தது.

வசந்தி தட்டத்தை மேசையில் வைத்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தாயிடம் சொன்னாள்:

"மாமி, நான் அந்தக் கிறீமை ஒரு நாளும் தொட்டதில்லை."

"வசந்தி!" என்றாள் அக்கா.

"உங்களிட்ட வந்த படமும் பேப்பரில வந்த படமும் பென்சில் வேலைதான், மாமி. நான் இந்த நிறம்தான். பிறந்ததில இருந்து இந்த நிறம்தான். இதை இனிப் பிள்ளைக்குப் பூச வேண்டாம். கண்ணுக்குக் கிட்டப் போயிட்டுது, ஆசுபத்திரியில காட்டுங்கோ."

தரகர் தயிர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தேனோ, "எனக்கும் எரிஞ்சது," என்றேன். காலம் கடந்து வந்த உண்மை.

தாய் என் பக்கம் திரும்பினாள். பேப்பரில் எழுதியது நான்தான் என்று தரகர் அவளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். "உங்களுக்கும் எரிஞ்சதோ?" என்று கேட்டாள். "பிறகேன் அப்பிடி எழுதினனீங்கள்?"

என் கண் மேசையில் கிடந்த விளம்பரத் துண்டுக்குப் போனது; என்னுடைய ஆச்சரியக்குறி அப்படியே இருந்தது.

மனுஷி எழுந்தாள். "நாங்கள் போய்ச் சொல்லி அனுப்புறம்," என்றாள். விளம்பரத் துண்டைக் கைப்பைக்குள் வைத்தாள். கலியாணப் படத்தை மேசையிலேயே விட்டுவிட்டாள். சொல்லியனுப்ப வேண்டிய தேவை இல்லை, எங்களுக்கு விளங்கிவிட்டது. அக்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் காசிம் நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், நல்ல மனிதர், முகம் வாடிப்போயிற்று. அன்றைக்கே அலுமாரியில் இருந்து கிறீமை இறக்கிவிட்டார். நேற்று வழியில் கண்டபோது, "நான் எடுத்துட்டன் தங்கச்சி. ஆனா கேட்டு வாறவங்க வந்துகொண்டுதான் இருக்காங்க. இல்லண்டு சொன்னா அடுத்த கடைக்குப் போறாங்க," என்றார். வசந்தி வழக்கம்போல உப்புவெளி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள். அக்கா என்னோடு இன்னும் கதைக்கவில்லை.

ஆனால் ஒரு கிழமையாக என் மனதை அறுப்பது சம்பந்தம் போனது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போக முன் நடந்த ஒரு சின்ன விஷயம்.

தாயும் தரகரும் வாசலில் பஸ் நேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள். வசந்தி அந்தப் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளி மெல்ல முகத்தைக் கழுவி விட்டாள். நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன். அவ்வளவு நேரமும் வாயே திறக்காத பிள்ளை அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, இது மாறுமோ?"

"மாறும். பூசாம விட்டு, டொக்டரிட்டயும் காட்டினாக் கெதியா மாறிடும்."

"மாறினா... பழைய நிறம் திரும்பி வந்திடுமோ?"

வசந்தி அவளுடைய தலையைத் தடவிவிட்டு, ஆறுதலாகச் சொன்னாள். "ஓம், பயப்பிடாதையும். பழைய நிறம் அப்பிடியே திரும்பி வந்திடும்."

மூன்று நேரமும் எரிந்தபோது அழாமல் பொறுத்துக்கொண்டிருந்த பிள்ளை, அதைக் கேட்டதும் அழத் தொடங்கினாள்.

அவளுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால் எழுதியனுப்புங்கள்.